காதுக்குள் ரீங்காரமா? முதலில் பஞ்சை எடுங்கள்!

இந்தப் பக்கத்தைப் படித்துக்கொண்டிருக்கும் உங்களைச் சுற்றி இப்போது என்னென்ன சத்தம் கேட்கிறது? மின்விசிறி ஓடுகிறது. அடுப்படியில் தாளிக்கிறார்கள். பக்கத்து வீட்டு டி.வி. பேசுகிறது. தெருவில் ஒரு மோட்டார் சைக்கிள் போகிறது. நான் கேட்கும்வரை இதில் பாதி உங்கள் நினைப்பிலேயே இருந்திருக்காது. காது எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. மூளைதான் ‘இது நமக்கு வேண்டாத சத்தம்’ என்று சத்தமில்லாமல் ஒதுக்கி வைத்திருந்தது. அந்த ஒதுக்கி வைக்கிற வேலை ஒருவருக்குக் கெட்டுப்போனால் அவர் பாடு என்ன ஆகும்? அதைப் பற்றித்தான் இப்போது பேசப் போகிறோம்.

என்னிடம் வருபவர்கள் இரண்டு விதமாகச் சொல்வார்கள். “டாக்டர், காதுக்குள்ள சில்வண்டு கத்துதுங்க”, “குக்கர் விசில் நிக்காம அடிக்கிற மாதிரி இருக்கு”, “ராத்திரி படுத்தா தலைக்குள்ள ரயில் ஓடுது” என்பது ஒரு விதம். இதைக் காதிரைச்சல் என்கிறோம். எங்கள் சித்த மருத்துவத்தில் கர்ணநாதம் என்று ஒரு பெயரும் உண்டு. வெளியில் சத்தமே இல்லை. ஆனால் அவருக்கு மட்டும் கேட்கிறது. இன்னொரு விதம்: “தட்டுல ஸ்பூன் விழுந்தா காதுல ஊசி குத்துற மாதிரி இருக்கு”, “குழந்தை சிரிச்சாக்கூடத் தாங்கல” என்பார்கள். இது சத்தம் பொறுக்காத காது. சாதாரணமாக நமக்கு 100 டெசிபல் கிட்டே வந்தால்தான் ‘போதும்டா சாமி’ என்று காதைப் பொத்தத் தோன்றும். நாம் எதிரெதிரே உட்கார்ந்து பேசுவது சுமார் 60 டெசிபல்தான். இவர்களில் சிலருக்கு அந்தப் பேச்சே வலிக்கிறது. பல பேருக்கு இரண்டும் சேர்ந்தே வருகிறது. அப்போதுதான் வாழ்க்கை நரகமாகிறது.

“இது மனப்பிரமை” என்று வீட்டில் சொல்வார்கள். சத்தியமாக இல்லை. பீத்தோவன் என்ற பெரிய இசைமேதையைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அவருக்குச் செவிடு என்பது எல்லோருக்கும் தெரியும். செவிடாவதற்கு முன்பே காதுக்குள் இரவும் பகலும் இரைச்சல் கேட்பதாக அவர் 1801ல் ஒரு டாக்டர் நண்பருக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். 1809ல் நெப்போலியனின் படை வியன்னா நகரத்தின் மேல் பீரங்கி போட்டபோது, தம்பி வீட்டு நிலவறையில் காதில் தலையணையை வைத்து அமுக்கிக்கொண்டு கிடந்தார் என்று அவரோடு பழகியவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். நம் நாட்டிலும் இந்திப் பாடகி அல்கா யாக்னிக், ஒரு வைரஸ் தாக்குதலுக்குப் பிறகு தன் கேட்கும் நரம்பு பாதிக்கப்பட்டதாக 2024 ஜூனில் வெளிப்படையாகச் சொன்னார். அதிகச் சத்தத்தில் பாட்டுக் கேட்காதீர்கள், ஹெட்போனில் கவனமாக இருங்கள் என்று இளம் பாடகர்களை எச்சரிக்கவும் செய்தார். சங்கீதத்தில் இருப்பவர்களுக்குக் காதுதான் சோறு. அந்தச் சோற்றுக்கே ஆபத்து வந்த ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன்.

<b>தவில்காரர் வீட்டில் மௌனம்</b>

நான் வைத்தியம் பார்ப்பது சிதம்பரத்துக்குப் பக்கத்தில் கீரப்பாளையத்தில். கிராமம் என்றால் அமைதி என்று பட்டணத்துக்காரர்கள் நினைக்கிறார்கள். வந்து பார்த்தால் தெரியும்! சேத்தியாத்தோப்புக்கும் புவனகிரிக்கும் போகிற பஸ்கள் ஏர் ஹாரனை அழுத்தினால் நெஞ்சு அதிரும். அறுவடைக் காலத்தில் அறுப்பு மெஷின், நெல் அரவை மில், அது போதாதென்று ஆடி மாசம் வந்தால் தெருவுக்குத் தெரு கூம்பு ஒலிபெருக்கி. மார்கழியில் விடியற்காலை நாலு மணிக்கே பாட்டு.

ஒருநாள் ஒரு தவில் கலைஞரை அவர் மனைவி அழைத்து வந்தார். பெயர், ஊர் வேண்டாம். இந்தப் பக்கத்தில் இருக்கிற ஒரு கிராமம். வயது நாற்பதுக்கு மேல். இரண்டு காதிலும் பஞ்சு. அதற்கு மேல் மப்ளர். சித்திரை வெயிலில் மப்ளர்! நான் “உட்காருங்க தம்பி” என்று சொன்னதற்கே முகத்தைச் சுளித்தார். நாற்காலியை நான் இழுத்த சத்தம் அவருக்குப் பொறுக்கவில்லை.

அந்த அம்மாள்தான் மெதுவாகச் சொன்னார். ஒரு திருவிழாவில் சாமி புறப்பாடு. மேளத்துக்குப் பக்கத்திலேயே அதிர்வெடியைக் கொளுத்திவிட்டார்கள். அன்று ராத்திரி முழுக்கக் காது அடைத்தது. மறுநாள் இரைச்சல் ஆரம்பித்தது. ‘தானா சரியாயிடும்’ என்று மூன்று வாரம் விட்டுவிட்டார்கள். இரைச்சல் போகவில்லை, கூடவே சத்தமும் பிடிக்காமல் போனது. முதலில் தவிலை மூலையில் வைத்துத் துணி போட்டு மூடினார். பிறகு டி.வி.யை நிறுத்தினார்கள். மிக்ஸி போடுவதை நிறுத்தினார்கள். எவர்சில்வர் தட்டுக்குப் பதிலாக வாழை இலை. பிள்ளைகள் இரண்டும் பாட்டி வீட்டுக்குப் போய்விட்டன. “வீட்டுல சாவு விழுந்த மாதிரி இருக்குங்கய்யா. நான் வளையல் போடறதையே விட்டுட்டேன்” என்றார். சொல்லும்போது குரலைத் தாழ்த்தித்தான் சொன்னார். பழகிவிட்டது போலிருக்கிறது.

கல்யாண சீசன் போய்க்கொண்டிருந்தது. ஒரு முகூர்த்தம்கூட அவர் வாசிக்கவில்லை. கடன் ஏறிக்கொண்டிருந்தது. ‘வேற தொழில் பாத்துக்கலாமா’ என்று கேட்கத்தான் என்னிடம் வந்திருந்தார்களே தவிர, குணமாகும் என்ற நம்பிக்கையில் வரவில்லை.

நான் அவரிடம் முதலில் சொன்னது மருந்தே இல்லை. “காதுல இருக்கற பஞ்சை எடுங்க தம்பி” என்றேன். ஏதோ கொலை செய்யச் சொன்ன மாதிரி பார்த்தார்.

<b>மூளைக்குள் ஒரு ரேடியோ</b>

உங்களுக்கும் அதே கேள்வி வரும். சத்தம் வலிக்கிறவனை சத்தத்தில் தள்ளுவதா? புண்ணில் உப்பைப் போடுகிற மாதிரி இல்லையா? கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

உள்காதில் நத்தை ஓடு மாதிரி ஒரு சின்ன உறுப்பு இருக்கிறது. அதற்குள் காதுக்குச் சுமார் 15,000 மெல்லிய மயிர்ச் செல்கள். சத்தம் வந்தால் இவை நெல் நாற்று காற்றில் சாய்வது போலச் சாய்ந்து நரம்புக்குச் செய்தி அனுப்பும். அதிர்வெடி மாதிரி ஒன்று பக்கத்தில் வெடித்தால் புயலில் நாற்று படுத்துவிடுவது போலச் சில செல்கள் படுத்துவிடும். சில எழுந்துவிடும். செத்தது மனிதனுக்குத் திரும்ப முளைப்பதில்லை. எந்த வைத்தியத்திலும் இதற்கு மருந்து இல்லை. என் வைத்தியத்தையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

இனிமேல்தான் விஷயமே. காதிலிருந்து வரும் செய்தி குறைந்ததும் மூளை சும்மா இருக்காது. பழைய ரேடியோவை நினைத்துப் பாருங்கள். எங்கள் பக்கம் திருச்சி வானொலி, புதுச்சேரி வானொலி இரண்டையும் கேட்போம். மழை நாளில் நிலையம் சரியாக இழுக்காது. அப்பா எழுந்து போய் வால்யூமைக் கூட்டுவார். பாட்டு கூடுவதற்கு முன்னால் ‘ஸ்ஸ்ஸ்’ என்ற இரைச்சல் கூடிவிடும். பிறகு திடீரென்று நிலையம் பிடித்துக்கொண்டால் வீடே அதிரும். எல்லோரும் காதைப் பொத்துவோம். நம் மூளையும் இதே வேலையைத்தான் செய்கிறது. செய்தி குறைவாக வருகிறதே என்று வால்யூமைக் கூட்டுகிறது. அந்த ‘ஸ்ஸ்ஸ்’தான் காதிரைச்சல். திடீரென்று வீடு அதிருவதுதான் சத்தம் பொறுக்காமை. இரண்டு நோய்க்கும் பின்னால் இருக்கிற குமிழ் பெரும்பாலும் ஒன்றே.

இப்போது யோசியுங்கள். காதில் பஞ்சை அடைத்தால் என்ன ஆகும்? செய்தி இன்னும் குறையும். மூளை வால்யூமை இன்னும் கூட்டும். பஞ்சை எடுக்கும்போது முன்னைவிட அதிகமாக வலிக்கும். பயந்து இன்னும் கெட்டியாகப் பஞ்சை வைப்பார். கிணற்றுக்குள் இறங்குகிற படி இது.

நானாக இதைச் சொல்லவில்லை. 2003ல் அமெரிக்காவில் ஃபோர்ம்பி என்ற ஆராய்ச்சியாளரும் அவர் குழுவினரும் நல்ல காது உள்ளவர்களையே இரண்டு கூட்டமாகப் பிரித்தார்கள். ஒரு கூட்டம் இரண்டு வாரம் காது அடைப்பான் போட்டுக்கொண்டது. இன்னொரு கூட்டம் மெல்லிய இரைச்சல் தரும் சின்னக் கருவியை மாட்டிக்கொண்டது. இரண்டு வாரம் கழித்துப் பார்த்தால், அடைத்துக்கொண்டவர்களுக்கு முன்பைவிடச் சத்தம் அதிகமாகத் தெரிந்தது. மெல்லிய இரைச்சலோடு இருந்தவர்களுக்குச் சத்தத்தைத் தாங்கும் சக்தி கூடியிருந்தது! நல்ல காதுக்கே இரண்டு வாரத்தில் இந்தக் கதி என்றால், மாதக்கணக்கில் மப்ளர் சுற்றிக்கொண்டிருந்த நம் தவில்காரர் காது என்ன ஆகியிருக்கும்?

இன்னொரு பழைய சோதனையும் உண்டு. 1953ல் ஹெல்லர், பெர்க்மன் என்ற இரண்டு பேர், நன்றாகக் காது கேட்கும் 80 பேரைச் சத்தமே நுழையாத அறையில் சில நிமிஷம் உட்கார வைத்து, என்ன கேட்கிறது என்று எழுதச் சொன்னார்கள். நூற்றுக்கு 94 பேர் ஏதோ ஒரு சத்தம் கேட்பதாக எழுதினார்கள். ஆக, கொஞ்சம் இரைச்சல் எல்லோர் தலைக்குள்ளும் இருக்கிறது. முழு மௌனத்தில் அது வெளியே வந்துவிடுகிறது, அவ்வளவுதான். ராத்திரி பன்னிரண்டு மணிக்குத்தான் இரைச்சல் அதிகம் என்று எல்லா நோயாளியும் சொல்வதற்குக் காரணம் இதுவே.

அப்படியானால் எல்லோரும் ஏன் அவதிப்படவில்லை? பயம்தான் வித்தியாசம். போலந்தில் பிறந்து அமெரிக்காவில் வேலை பார்த்த ஜாஸ்ட்ரெபாஃப் என்ற விஞ்ஞானி 1990ல் இதை விளக்கினார். இரைச்சலை மூளை ‘ஆபத்து’ என்று குறித்துக்கொண்டால் அதையே காவல் காக்க ஆரம்பிக்கிறது. வாசலில் பாம்பு பார்த்தவனுக்குக் கயிறெல்லாம் பாம்பாகத் தெரிவது போல. காவல் காக்கக் காக்க இரைச்சல் பெரிதாகத் தெரிகிறது, தூக்கம் போகிறது, பயம் கூடுகிறது. மெல்லிய சத்தத்தையும் நல்ல விளக்கத்தையும் சேர்த்துக் கொடுத்து இந்தப் பயத்தை அவிழ்ப்பதே அவர் உருவாக்கிய பயிற்சி. சாதாரணமாக ஒன்றிலிருந்து ஒன்றரை வருஷம் பிடிக்கும். எண்ணங்களை மாற்றிப் பழகும் மனநலப் பயிற்சிக்கும் இந்த நோயில் நல்ல பலன் இருப்பதாகப் பல ஆராய்ச்சிகள் வந்திருக்கின்றன.

<b>படிப்படியாக...</b>

தவில்காரரை முதலில் அண்ணாமலைநகர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் காது, மூக்கு, தொண்டை நிபுணரிடம் அனுப்பினேன். சித்த வைத்தியர் அலோபதிக்கு அனுப்புகிறாரே என்று சிலருக்கு ஆச்சரியம். பாளையங்கோட்டையில் எங்களுக்குப் பாடம் எடுத்தவர்கள் நாடி பிடிக்கவும் சொல்லிக்கொடுத்தார்கள், எது நம் கையை மீறியது என்பதையும் சொல்லிக்கொடுத்தார்கள். காதுக்குள் சவ்வு கிழிந்திருக்கிறதா என்று வெளியிலிருந்து நாடி பார்த்துச் சொல்ல முடியாது. சவ்வு நன்றாக இருந்தது. கேட்கும் திறன் பரிசோதனையில் உச்சஸ்தாயிச் சத்தங்களில் மட்டும் கொஞ்சம் குறைவு. ‘வேற ஆபத்து ஒண்ணும் இல்ல’ என்று எழுதிக் கொடுத்தார்கள். அந்தச் சீட்டே பாதி மருந்து. அதற்குள் மூளையில் கட்டி என்று அவர் முடிவு கட்டியிருந்தார்.

பிறகு ஆரம்பித்தோம். வீட்டில் எந்த நேரமும் முழு மௌனம் கூடாது என்பது முதல் விதி. பகலில் மேஜை விசிறி. ராத்திரி தலைமாட்டிலிருந்து தள்ளி ஒரு பழைய ரேடியோ, நிலையம் இல்லாத இடத்தில் முள்ளை வைத்து, மிக மெல்லிய ‘ஸ்ஸ்’. இரைச்சலை மூழ்கடிக்கும் அளவுக்கு வைக்கக் கூடாது. இரண்டும் கேட்க வேண்டும், ரேடியோ ஒரு இம்மி தாழ்ந்தே இருக்க வேண்டும். மூழ்கடித்துவிட்டால் மூளை அந்த இரைச்சலோடு பழகவே பழகாது. ரேடியோ இல்லாதவர்கள் செல்போனில் மழைச் சத்தம் போட்டுக்கொள்ளலாம். ஐப்பசி மழையில் எங்கள் வயல்களில் தவளைகள் கச்சேரி வைக்கும். அந்த மாசங்களில் அவருக்கு ரேடியோவே தேவைப்படவில்லை. ஜன்னலைத் திறந்து வைத்தார்கள்.

பஞ்சை ஒரே நாளில் பிடுங்கவில்லை. முதல் வாரம் வீட்டுக்குள் காலையில் பத்து நிமிஷம், மாலையில் பத்து நிமிஷம் பஞ்சில்லாமல். அடுத்த வாரம் இருபது. இரண்டு மாசத்தில் வீட்டுக்குள் பஞ்சே இல்லை. தெருவுக்குப் போகும்போது பையில் இருக்கலாம், காதில் கூடாது என்றேன்.

மூன்றாவதுதான் கஷ்டமானது. பயமுறுத்துகிற சத்தங்களை ஒரு காகிதத்தில் எழுதச் சொன்னேன், குறைந்த பயத்திலிருந்து அதிக பயம் வரைக்கும். இலை சலசலப்பு, வளையல், எவர்சில்வர் தட்டு, மிக்ஸி, ஹாரன், கடைசியில் வெடி. ஒவ்வொன்றையும் அவரே செய்ய வேண்டும். இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது: மற்றவர்கள் திடீரென்று போடும் தட்டு குத்தும்; தானே மெதுவாக வைக்கும் தட்டு அவ்வளவு குத்தாது. முதலில் துண்டை விரித்து அதன்மேல் தட்டை வைத்தார். பிறகு மடிப்பைக் குறைத்தார். ஒரு வாரத்தில் வெறும் தரையில். அந்த அம்மாள் முதல் தடவையாக வளையல் போட்டுக்கொண்டு வந்தபோது, எனக்குச் சொல்லாமலே புரிந்தது.

தவில்? அதுவும் அந்த வழியில்தான். முதலில் வாயால் சொற்கட்டு. தொடையில் தட்டிக்கொண்டு ‘த தி தொம் நம்’ என்று தனக்குள்ளேயே. அடுத்து துணி சுற்றிய பலகையில் கழியால் தட்டல். நாலாவது மாசம் தவிலின் மேல் போட்டிருந்த துணியை எடுத்தார். வலந்தலையில் கூடு போடாத வெறும் விரலால் மெல்ல வாசித்தார், ஐந்து நிமிஷம்.

ஐந்தாவது மாசம் தீபாவளி வந்தது. எதிர்த்த வீட்டில் லட்சுமி வெடி. பழையபடி மப்ளர், பழையபடி மூலை. “எல்லாம் போச்சுங்கய்யா” என்று ஆள் அனுப்பினார். போகவில்லை. இந்த நோயில் சறுக்கல் வராதவர் கிடையாது. சறுக்கினால் இரண்டு படி கீழே வந்து அங்கிருந்து ஆரம்பிக்க வேண்டும், அடி வரைக்கும் இறங்க வேண்டியதில்லை. பத்து நாளில் பழைய இடத்துக்கு வந்துவிட்டார்.

பதினாலு மாசம் ஆனது, ஒரு முழு முகூர்த்தம் வாசிக்க. இப்போது வாசிக்கும்போது மட்டும் சத்தத்தைக் குறைத்துக் கொடுக்கும் காது அடைப்பான் போட்டுக்கொள்கிறார். இரைச்சல் போய்விட்டதா என்று கேட்டீர்களானால், இல்லை. “இருக்குதுங்க. நீங்க கேட்டதாலதான் இப்ப ஞாபகம் வந்துச்சு” என்றார். இந்த நோயில் குணம் என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியாது. சில பேருக்கு இரைச்சலே முழுக்க நின்றுவிடுவதும் உண்டு. ஆனால் அதையே குறியாக வைத்துத் தினமும் ‘நின்னுச்சா, நின்னுச்சா’ என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தால் நிற்காது.

<b>எப்போது ஓட வேண்டும்?</b>

எல்லாக் காதிரைச்சலையும் ரேடியோ வைத்துச் சரிசெய்யப் பார்க்காதீர்கள். திடீரென்று, ஒரு நாளிலோ மூன்று நாளுக்குள்ளோ ஒரு காது கேட்காமல் போனால் அது அவசரம். நிபுணர் கொடுக்கும் ஸ்டீராய்டு மருந்தை எவ்வளவு சீக்கிரம் ஆரம்பிக்கிறோமோ அவ்வளவு நல்லது. இரண்டு வாரம் தாண்டினால் பலன் குறைந்துகொண்டே போகும். ஒரு காதில் மட்டும் இரைச்சல், நாடித் துடிப்போடு சேர்ந்து ‘தும் தும்’ என்று கேட்பது, தலை சுற்றிக் கீழே தள்ளுவது, காதில் சீழ், முகம் ஒரு பக்கம் கோணுவது, தலையில் அடிபட்ட பிறகு வந்த இரைச்சல்... இவற்றில் எது இருந்தாலும் கைவைத்தியம் வேண்டாம்.

வெடியோ பெரிய சத்தமோ கேட்ட பிறகு மறுநாளும் காது அடைப்போ இரைச்சலோ இருந்தால் காத்திருக்காதீர்கள். தவில்காரர் போல மூன்று வாரம் விடக் கூடாது.

வெறும் குறும்பி அடைத்தும் இரைச்சல் வரும். ரத்த சோகை, தைராய்டு, ரத்தக் கொதிப்பு, பல்லை நறநறவென்று கடிக்கும் பழக்கம், கழுத்துப் பிடிப்பு ஆகியவற்றையும் பார்க்க வேண்டும். அதிக அளவு ஆஸ்பிரின், ஸ்ட்ரெப்டோமைசின், ஜென்டாமைசின் ஊசிகள், சிஸ்பிளாட்டின் போன்ற புற்றுநோய் மருந்துகள் காதைத் தொடக்கூடியவை. சாப்பிடுகிறவர்கள் டாக்டரிடம் சொல்லுங்கள், நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

“அப்ப சித்த மருத்துவம் எதுக்கு?” என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி. வாதம் மிகுந்தால் காதில் இரைச்சல் என்பது எங்கள் கணக்கு. தூக்கம் கெடுவது, மலச்சிக்கல், பட்டினி, அலைச்சல், கவலை எல்லாம் வாதத்தை ஏற்றும். இவற்றைச் சரிசெய்தால் இரைச்சலைத் தாங்கும் சக்தி வருகிறது என்பது என் அனுபவம். வாரம் இரண்டு நாள் நல்லெண்ணெய் தேய்த்து இளஞ்சூட்டு வெந்நீரில் குளியல், நேரத்துக்குச் சாப்பாடு, ராத்திரி பத்து மணிக்குப் படுக்கை. தூக்கம் வராதவர்களுக்கு அமுக்கரா சூரணம் பாலில் கொடுப்போம். கர்ப்பிணிகளுக்கும் தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் அது ஆகாது, அளவை வைத்தியரே சொல்ல வேண்டும். கண்ணை மூடி, வாயை மூடி, வண்டு போல ‘ம்ம்ம்’ என்று மெல்ல மூச்சு விடும் பயிற்சி காலையும் மாலையும் ஐந்து தடவை. தானே எழுப்புகிற மெல்லிய சத்தம், மூச்சு நீளுகிறது, மனசும் தணிகிறது. எனக்குப் பிடித்த மருந்து இது, காசு கிடையாது.

காதில் எண்ணெய் ஊற்றுவது மட்டும் வேண்டவே வேண்டாம், நிபுணர் உள்ளே பார்த்துச் சவ்வு நன்றாக இருக்கிறது என்று சொல்லும்வரை. பூண்டைப் போட்டுக் காய்ச்சிச் சுடச்சுட ஊற்றிக் காதைப் புண்ணாக்கிக்கொண்டு வருகிறவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள். ‘ஒரே வாரத்தில் காதிரைச்சல் போகும்’ என்று விளம்பரம் செய்யும் லேகியத்தையும் நம்பாதீர்கள். அதில் என்ன பற்பம், என்ன செந்தூரம் கலந்திருக்கிறது என்பது ஆண்டவனுக்கே வெளிச்சம்.

<b>வீட்டிலிருப்பவர்களுக்கு</b>

இந்த நோய்க்காரரோடு வாழ்வது எளிதல்ல. நீங்கள் இரண்டு தப்புகளில் ஒன்றைத்தான் செய்வீர்கள். ஒன்று, ‘நடிக்கிறான்’ என்று வேண்டுமென்றே கதவை அடிப்பது. இல்லையென்றால், பாசத்தில் வீட்டையே மயானமாக்குவது. இரண்டாவதுதான் மெதுவாகக் கொல்லும். சாதாரணமாகப் பேசுங்கள், சாதாரணமாகச் சமையுங்கள். மிக்ஸி போடுவதற்கு முன்னால் மட்டும் ‘போடப் போறேன்’ என்று ஒரு வார்த்தை. அவர் கையாலேயே பொத்தானை அழுத்தச் சொன்னால் இன்னும் நல்லது. ‘இன்னிக்கு இரைச்சல் எப்படி இருக்கு?’ என்று தினமும் விசாரிக்காதீர்கள். மறந்திருந்ததை எடுத்துக் கொடுக்கிற வேலை அது.

தூக்கமில்லாமல், தொழில் இல்லாமல், ‘இப்படி வாழறதுக்குச் செத்துடலாம்’ என்று அவர் வாயில் வந்தால் சும்மா பேசுகிறார் என்று விட்டுவிடாதீர்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.

ஊராருக்கும் ஒரு விஷயம். குடியிருப்புப் பகுதியில் பகலில் 55, இரவில் 45 டெசிபல்தான் இருக்கலாம் என்று 2000ஆம் வருஷத்து ஒலி மாசு விதிகள் சொல்கின்றன. 2005ல் உச்ச நீதிமன்றமும் இரவு பத்து மணிமுதல் காலை ஆறு மணிவரை ஒலிபெருக்கி கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறது. திருவிழாக் கமிட்டியில் இருக்கிற உங்கள் மாமாவிடமோ சித்தப்பாவிடமோ போலீசுக்குப் போகாமலே பேசிப் பாருங்கள். ஒலிபெருக்கியை வீட்டு ஜன்னலைப் பார்த்துக் கட்டாமல் திடலைப் பார்த்துக் கட்டினாலே ஒரு தெரு தூங்கும். வெடிகாரரை மேளத்திலிருந்து ஐம்பது அடி தள்ளி நிற்கச் சொல்லுங்கள். வாசிக்கிறவர்களுக்கும் காது இருக்கிறது.

கடைசியாக, காது அடைப்பான் எப்போது போடலாம் என்று பல பேர் கேட்கிறீர்கள். 85 டெசிபலில் எட்டு மணி நேரம் வரை காது தாங்கும். அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகிவிடும். 100 டெசிபலில் கால் மணி நேரம்தான். கைக்கு எட்டும் தூரத்தில் நிற்கிறவரிடம் கத்தித்தான் பேச வேண்டியிருக்கிறது என்றால், அங்கே சத்தம் அதிகம் என்று அர்த்தம். அரவை மில், அறுப்பு மெஷின், மேளம், ஒலிபெருக்கிக்குப் பக்கம், தீபாவளித் தெரு ஆகிய இடங்களில் மட்டும் போடுங்கள். மருந்துக்கடையில் கிடைக்கும் பஞ்சு போன்ற நுரை அடைப்பானை விரலால் உருட்டி, காது மடலை மேலே பின்னால் இழுத்து உள்ளே விட்டால் அது விரிந்து அடைத்துக்கொள்ளும். வெறும் மருந்துப் பஞ்சு வெடிச் சத்தத்தைத் தடுக்காது. அந்த இடத்தை விட்டு வந்ததும் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுவிடுங்கள்.